பிடி நடந்த எல்லை

'கடல் உள்வாங்கியது' என்று நாகப்பட்டினத்துக்காரர்கள் சும்மா வாய்விட்டுச் சொல்வதில்லை. வேறு ஊர்களில் அது வானிலைச் செய்தி. இங்கே அதைக் கேட்டவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேற்கே நடக்கத் தொடங்கிவிடுவார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அந்தச் சொல்லின் எடை மாறிவிட்டது.

சில வருஷங்களுக்கு முன்பு ஓர் இணைய இதழில் செய்தி சரிபார்க்கும் வேலையில் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு படம் வந்தது. கரையில் தண்ணீர் இல்லை, சேறுதான் தெரிந்தது. சேற்றில் சாய்ந்தபடி நாலைந்து ஃபைபர் படகுகள். எப்போது எடுத்தது என்று அனுப்பியவரிடம் கேட்டேன். இன்று காலை என்றார். எங்கே என்றேன். வேதாரண்யம் பக்கம் என்றார். பழைய படத்தைத் தூசி தட்டி அனுப்புகிறாரோ என்று இணையத்திலும் தேடிப் பார்த்தேன். எங்கும் இல்லை. எல்லாம் சரியாக இருந்ததால் இருபது நிமிடத்தில் ஏற்றிவிட்டோம். மாவட்டத்தின் பெயரைத் தலைப்பில் வைத்தோம்: நாகையில் கடல் உள்வாங்கியது, மீனவர்கள் அச்சம்.

அரைமணி நேரத்தில் அக்கரைப்பேட்டையிலிருந்து ஒரு பையன் கூப்பிட்டான். "சார், எங்க ஆயா துணிமணிய மூட்டை கட்டிக்கிட்டு பாலத்துக்கிட்ட போய் நிக்கிது. வீட்டுக்கு வான்னா வரமாட்டேங்குது. நீங்க போட்டிருக்கிறது நெசமா?"

"படம் நிஜம்தான் தம்பி, ஆனா அது இங்க இல்ல, வேதாரண்யம்" என்றேன். சொல்லும்போதே நாக்கு தடுமாறியது. பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர் போனை வாங்கினார். "அமாவாசைய ஒட்டி, மேக்காத்தும் சேந்து அடிச்சா அந்தப் பக்கம் கடல் இறங்கத்தான் செய்யும் தம்பி. ஒரு நா ரெண்டு நாள்ல ஏறிடும். எங்க அப்பா காலத்துலயும் இறங்குச்சு. யாரும் பயப்படல. எங்கள்ல ஒருத்தர ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. படம் மெய், நாள் மெய், இடமும் மெய். அச்சம் என்ற ஒன்றைத்தான் நாங்கள் கையிலிருந்து போட்டோம். தலைப்பைப் போட்ட நேரத்தில் கரையில் யாருக்கும் அச்சம் இல்லை. போட்ட பிறகுதான் அது உண்டானது. ஒரு பொய் இப்படி உண்மையாவதைப் பார்த்த நாள் அது. அந்த ஆயாவிடம் நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. பெயர்கூடக் கேட்டுவைத்துக்கொள்ளவில்லை.

அதிலிருந்து ஒரு கேள்வி கூடவே வருகிறது. ஒரு செய்தியைச் சரிபார்ப்பது என்றால் யாரிடம் போய் நிற்பது? சொன்னவரிடமா, எழுத்தில் வைத்திருப்பவரிடமா, இல்லை, அது தவறானால் அடிபடப்போகிறவரிடமா? இந்தக் கேள்விக்கு ஒரு பழைய பதில் எங்கள் பக்கத்திலேயே கிடக்கிறது. நாகையிலிருந்து மேற்கே போனால் கீழ்வேளூர் வட்டாரத்தில் ஆனைமங்கலம் என்று ஓர் ஊர். இன்றைக்கும் வயலும் வாய்க்காலுமாக இருக்கிற ஊர்தான். கடல் கடந்த ஸ்ரீவிஜயத்து அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரம் எடுத்தான். அந்த விகாரத்துக்கு முதலாம் ராஜராஜன் தன் இருபத்தோராம் ஆட்சியாண்டில், அதாவது 1006 வாக்கில், விட்டுக்கொடுத்த ஊர் இது. கொடையைச் செப்பேட்டில் பொறித்து நிலைக்கச் செய்தது மகன் ராஜேந்திரன். அந்த ஏடுகள் கப்பலேறி நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடு என்றே பெயராகிவிட்டது.

மொத்தம் 21 ஏடுகள், ஏறத்தாழ 30 கிலோ செம்பு, ராஜேந்திரன் முத்திரையிட்ட ஒரு வளையத்தில் கோத்தவை. அவற்றில் 5 ஏடுகள் சமஸ்கிருதம். சோழர் குலத்தின் பெருமை, முன்னோர் வரிசை, வெற்றிகள் எல்லாம் அங்கே. மீதி 16 ஏடுகள் தமிழ். அங்கே போனால் கதையே வேறு. புகழ்ச்சியை ஓரளவில் நிறுத்திக்கொண்டு வேலையில் இறங்குகிறார்கள். நிலம் 97 வேலிச் சொச்சம். சொச்சத்தை மா, காணி என்று கீழ்வரை பிரித்து எழுதுகிறார்கள். வரி நெல் 8,943 கலம், அதற்குமேல் தூணி, குறுணி, நாழி. ஒரு நாழி நெல்லைக்கூட 'ஏறக்குறைய' என்று விட அவர்களுக்கு மனம் வரவில்லை.

அதைவிட என்னைக் கட்டிப்போடுவது, அந்த ஆணை எத்தனை கை மாறியது என்கிற விவரம். அரசன் வாயால் சொல்கிறான். அதற்குத் திருவாய்க்கேள்வி என்று பெயர். கேட்டது வேறு, எழுதியது வேறு என்ற தெளிவு அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. பேரரசன் சொன்னதாக இருந்தாலும் முதலில் அது கேள்விதான். திருமந்திர ஓலை எழுதுவான் அதை எழுத்தில் கொண்டுவர, ஓலைநாயகங்கள் பார்த்து ஒப்பவேண்டும். பிறகு அது புரவுவரித் திணைக்களத்துக்குப் போகிறது. வரிப்பொத்தகம் வைத்திருப்பவர், முகவெட்டி என்று பல பதவிக்காரர்கள் முன்னிலையில் வரியில் ஏறுகிறது. ஒவ்வொருவர் பெயரும் பதிவாகிறது. தவறு நேர்ந்தால் எந்தக் கையில் நேர்ந்தது என்று தேடிப் பிடிக்கலாம். இணைய இதழ்களில் எத்தனை இடத்தில் எழுதியவர் பெயர் இருக்கிறது, சரிபார்த்தவர் பெயர் இருக்கிறது? 'நமது நிருபர்' என்று போட்டுவிட்டால் பொறுப்பு யார் தலையில் விழும்?

இவ்வளவும் முடிந்தால் வேலை முடிந்துவிட்டது என்று நாம் நினைப்போம். அரசன் சொன்னது, அதிகாரிகள் ஒப்பியது, கணக்கில் ஏறியது. சோழர் வழக்கப்படி அது பாதிதான். ஓலை நாட்டாருக்குப் போகிறது. அவர்கள் எதிர்கொண்டு தொழுது தலைமேல் வைத்து வாங்கிக்கொண்ட பிறகு, ஒரு பெண்யானையை வயல்வெளிக்குக் கூட்டி வருகிறார்கள். அது ஊரின் எல்லையைச் சுற்றி நடக்க, அதன் தடத்தில் கல்லும் கள்ளியும் நடுகிறார்கள். பிடி சூழ்தல் என்று இதற்குப் பெயர். அண்டை ஊர்க்காரர்கள் கூட நின்று பார்த்துக் கையெழுத்திடுகிறார்கள்.

பெண்யானை எதற்கு என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். சடங்கு என்பார்கள். இருக்கலாம். எனக்குத் தோன்றுவது, யானை நடப்பதை ஒளித்துச் செய்ய முடியாது என்பதுதான். தன் வரப்பில் ஒரு சாண் உள்ளே வந்தாலும் பக்கத்து ஊர்க்காரன் அங்கேயே கத்துவான். தலைநகரில் கணக்கெழுதியவனுக்கு அந்த ஒரு சாண் தெரியாது, தெரிந்தாலும் வலிக்காது. எல்லை தவறினால் யாருக்கு நிலம் போகுமோ அவனைக் கூட்டிவைத்து, அவன் கண்ணெதிரே நடந்து, அவனிடமே கையெழுத்து வாங்கிய பிறகுதான் அது செம்பில் ஏறியது. அக்கரைப்பேட்டைப் பெரியவர் கேட்ட கேள்வியும் இதுதான். நாங்கள் ஓலைநாயகம் வரை போனோம். யானையை வெளியே கொண்டுவரவில்லை.

இதே சூடாமணி விகாரத்தை வைத்து இன்னொன்று நடந்தது. சரிபார்ப்பு வேலைக்கு வருகிற இளைஞர்களிடம் நான் அடிக்கடி சொல்வது. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் எழுத்தாளர் கல்கியின் பொன்னியின் செல்வன் தொடராக வந்தது. காய்ச்சலில் கிடக்கும் இளவரசர் அருள்மொழிவர்மரை, பின்னாளின் ராஜராஜனை, நாகைச் சூடாமணி விகாரத்தில் மறைத்து வைத்திருக்கிறார்கள். கடல் பொங்கி ஊருக்குள் வருகிறது. படித்தவர்கள் மறக்க முடியாத இடம். 2004க்குப் பிறகு அந்தப் பக்கங்களை நாகைக்காரர்கள் எடுத்துப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. அது இயல்பு. அதற்கு மேல் நடந்ததுதான் இயல்பில்லை. இந்தியக் கடற்கரையில் முற்காலத்தில் வந்த சுனாமிகளைப் பட்டியலிட்ட ஆய்வுகளில் 'கி.பி. 900, நாகப்பட்டினம்' என்று ஒரு வரி ஏறியது. அதற்கு ஆதாரமாகச் சுட்டப்பட்டவற்றில் கல்கியின் பெயரும் இருந்தது. பட்டியலைப் பார்த்து அடுத்த கட்டுரை, அதைப் பார்த்து இணையக் கலைக்களஞ்சியம், அதைப் பார்த்து நாளிதழ். ஒரு நாவலாசிரியர் கதைக்காக எழுப்பிய அலை, ஐந்தாறு கை மாறியதும் விஞ்ஞானமாகிவிட்டது.

கல்கி யாரையும் ஏமாற்றவில்லை. நாவல் என்று சொல்லித்தான் எழுதினார். செப்பேட்டின்படி சூடாமணி விகாரம் ராஜராஜன் அரசனான பிறகான காலத்தது. நாவலில் அவர் அரியணை ஏறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அது கம்பீரமாக நிற்கிறது. கதை எழுதுகிறவருக்கு அந்த உரிமை உண்டு. அட்டவணை போடுகிறவருக்குக் கிடையாது.

இதில் ஒரு திருப்பம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நானும் பாதி உண்மை சொன்னவனாவேன். நிலவியலாளர் சி.பி. ராஜேந்திரனும் அவருடைய குழுவினரும் காவிரிப்பூம்பட்டினத்தில் குழி தோண்டி மண்ணடுக்குகளைப் பார்த்தார்கள். சோழர் காலத்தில் ஒரு சுனாமி வந்ததற்கான தடம் அங்கே மணல் அடுக்கில் இருப்பதாக 2011இல் எழுதினார்கள். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுக்கு முந்தியது. அப்படியானால் கல்கி சொன்னது சரியாகப் போயிற்றே என்று ஒரு நண்பர் மகிழ்ந்தார். எனக்கு அந்த மகிழ்ச்சி இல்லை. கிணற்றில் தண்ணீர் இருக்கும் என்று குறி சொன்னவன் வாக்கும் சில நேரம் பலிக்கும். அதனால் குறி சொல்வது நிலநீர் ஆய்வாகிவிடாது. மணல் அடுக்கைக் காட்டி 'சோழர் காலத்தில் வந்திருக்கக்கூடும்' என்று எழுதலாம். நாவலைக் காட்டிக் 'கி.பி. 900இல் வந்தது' என்று எழுதக் கூடாது. இரண்டு வாக்கியமும் ஒரே அலையைப் பற்றியதாக இருந்தாலும், முன்னதற்குப் பின்னால் தோண்டிய குழி இருக்கிறது.

விகாரம் இருந்த இடத்தில் இப்போது தோண்டிப் பார்த்துவிடலாமே என்றால், நாகையில் கடைசியாக எஞ்சியிருந்த செங்கல் கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டுவிட்டது. புதுவெளிக் கோபுரம் என்று ஊரார் அழைத்தது. மாலுமிகளுக்குக் கடலிலிருந்து தெரிந்த அடையாளம். மண்ணுக்கடியில் கிடைத்த பௌத்த வெண்கலச் சிலைகள் மட்டும் ஏறத்தாழ 350. அவையும் ஊரில் தங்கவில்லை, அருங்காட்சியகங்களுக்குப் போய்விட்டன. ஆனைமங்கலத்தின் செம்பு லெய்டனுக்குப் போனது, விகாரத்தின் வெண்கலம் சென்னைக்கும் வெளியூர்களுக்கும் போனது. நாகையைப் பற்றி எழுதுகிறவன் நாகையில் உட்கார்ந்தபடி சரிபார்க்க முடியாத நிலை.

மீண்டும் கடலுக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26 காலையை எண்களாகப் பார்த்தால் நெஞ்சு அடைக்கும். சுமத்ராவுக்கு அருகே நிலம் அதிர்ந்தது இந்திய நேரம் 6 மணி 28 நிமிடம். அலை நாகைக்கு வந்தது 9 மணி வாக்கில். நடுவில் இரண்டரை மணி நேரம். கார் நிகோபாரில் இருந்த விமானப் படைத்தளம் கடல் உள்ளே வருவதை எட்டு மணிக்கு முன்பே கண்டு செய்தி அனுப்பியது. வானிலைத் துறையின் தொலைநகல் ஒன்று, அப்போது பதவியிலேயே இல்லாத முன்னாள் அமைச்சருக்குப் போய்ச் சேர்ந்ததாக நாளிதழ்கள் பிறகு எழுதின. உண்மை கையில் இருந்தது. அடிபடப்போகிறவரின் காதுக்குத்தான் வரவில்லை. வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸ் முடிந்து கடலில் குளித்துக்கொண்டிருந்த வெளியூர் யாத்ரீகர்களுக்கும், கீச்சாங்குப்பத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் அது எட்டவில்லை.

நாலு நாள் கழித்து, டிசம்பர் 30ஆம் தேதி, இதற்கு நேர்மாறானது நடந்தது. மறுபடி சுனாமி வரலாம் என்று மத்திய உள்துறையிலிருந்தே எச்சரிக்கை வந்தது. அதற்கு மூலம் அமெரிக்காவில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணிப்பு. நிலநடுக்கத்தை முன்கூட்டிச் சொல்ல அன்றைக்கும் இன்றைக்கும் விஞ்ஞானத்தில் வழியில்லை. அதை யாரும் கேட்கவில்லை. முகாம்களில் இருந்தவர்கள் ஓடினார்கள். பிணங்களைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு ஓடினார்கள். நிவாரண லாரிகள் திரும்பின. அன்று மாலைக்குள் விஞ்ஞானத் துறை அமைச்சர் அதை அடிப்படையற்றது என்று மறுத்துவிட்டார். ஆனால் ஓடியவர்களுக்கு ஓட்டம் ஓட்டம்தான். முதல் நாள் சொல்லாமல் விட்ட குற்றவுணர்வு இரண்டாம் முறை பார்க்காமல் சொல்ல வைத்தது. வேகமும் தயக்கமும் சரிபார்ப்பின் எதிரிகளாக மாறும் விதத்தை நான்கே நாளில் நாகை பார்த்துவிட்டது.

ஒரு சொல்லின் மேல் அரசு முத்திரை இருந்தால் போதும் என்று நினைப்பவர்களிடம் இந்த டிசம்பர் 30ஐத்தான் சொல்வேன். மத்திய அரசு தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று தானே அறிவிக்கும் பிரிவு ஒன்றை 2023இல் விதியாகக் கொண்டுவந்தது. 2024இல் மும்பை உயர்நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. சரியான தீர்ப்பு என்பது என் கருத்து. தமிழ்நாட்டிலும் அரசே ஒரு தகவல் சரிபார்ப்பகம் வைத்திருக்கிறது. வதந்திக்கு மறுப்புச் சொல்ல அரசுக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு. ஆனால் மறுப்பு ஒரு தரப்பின் சொல். ஓலைநாயகம் ஒப்பியது என்ற அளவில்தான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

டிசம்பர் 30 போன்ற குழப்பத்துக்கு மாற்றாக நல்ல முறை ஒன்றும் வந்தது. ஹைதராபாத்தில் 2007 அக்டோபரில் சுனாமி எச்சரிக்கை மையம் அமைந்தது. நிலம் அதிர்ந்த சில நிமிடங்களில் அங்கே தெரிந்துவிடும். ஆனால் அதிர்ந்ததால் மட்டும் அலை வரும் என்று அவர்கள் முடிவுகட்டுவதில்லை. ஆழ்கடலில் மிதவைகள் இருக்கின்றன. அடித்தளத்தில் நீரின் அழுத்தம் மாறினால் அவை சொல்லும். துறைமுகங்களில் நீர்மட்டக் கருவிகள் இருக்கின்றன. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது எச்சரிக்கை வந்தது, எங்கள் கரையோரமும் காலியானது. அன்று பாறைகள் பக்கவாட்டில் நழுவியதால் கடல் பெரிதாக எழும்பவில்லை. மிதவைகள் அதைச் சொன்னதும் எச்சரிக்கையை விலக்கினார்கள். எதை வைத்துச் சொன்னோம், எதை வைத்து விலக்குகிறோம் என்று இரண்டையும் வெளியிட்டார்கள். நான் செய்தி அறையில் கற்காத பாடம் அது. தெரிந்த அளவைத் தெரிந்த நேரத்தில் சொல்வது, அளவு மாறினால் அதே சத்தத்தில் மாற்றிச் சொல்வது. இணையத்தில் பல இதழ்கள் தவறைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் புதியதை எழுதுகின்றன. படித்தவன் கையில் பழையது நிற்கிறது. எங்கள் 'கடல் உள்வாங்கியது' தலைப்பையும் அப்படித்தான் மாற்றினோம். பாலத்தருகே நின்ற ஆயாவுக்கு அந்த மாற்றம் போய்ச் சேர்ந்திருக்க வழியில்லை.

எண்களைப் பற்றி ஒன்று. சுனாமியில் நாகை மாவட்டத்தில் இறந்தவர்கள் 6,065 என்பது அரசுக் கணக்கு. தமிழகம் முழுக்க எட்டாயிரத்தை ஒட்டியது, அதில் முக்கால் பங்கு இங்கே. இந்த 6,065ஐ எழுதும்போது எந்த நாகை மாவட்டம் என்று கேட்க வேண்டும். அப்போது பூம்புகாரும் தரங்கம்பாடியும் நாகை மாவட்டம். 2020இல் மயிலாடுதுறை பிரிந்தபோது அவை அந்தப் பக்கம் போய்விட்டன. இன்றைய வரைபடத்தை வைத்துக்கொண்டு பழைய எண்ணைப் போட்டால், மயிலாடுதுறையின் பிணங்களை நாகைக்கு எழுதுகிறோம். ஊரின் எல்லை மாறும்போது எண்ணின் எல்லையையும் சுற்றி வர வேண்டியிருக்கிறது. அந்த 6,065இல் அடையாளம் தெரியாமலே மொத்தமாகப் புதைக்கப்பட்டவர்களும் உண்டு. பெயரில்லாத எண்ணிக்கை எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் நாழி குறைந்துதான் நிற்கும்.

இதைச் சொல்லும்போது ஆனைமங்கலம் ஏடுகளைப் பற்றி மனசில் அரித்துக்கொண்டிருப்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓலை எழுதினவன் பெயர் இருக்கிறது, ஒப்பினவன் பெயர் இருக்கிறது, எல்லையில் நின்று கையெழுத்திட்டவர்கள் பெயர் இருக்கிறது. அந்த 8,943 கலத்தை நாற்று நட்டுக் களையெடுத்து அறுத்து அடித்துக் கொடுத்த ஒருவர் பெயரும் இல்லை. நாழி வரை சரிபார்த்த கணக்கு, நட்டவளை எண்ணவில்லை.

அதே கீழ்வேளூர் வட்டாரத்தில், ஏறத்தாழ 960 ஆண்டுகள் கழித்து, நட்டவர்களும் அறுத்தவர்களும் கூலி உயர்வு கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில், ராமையா என்பவரின் குடிசைக்குள் ஒளிந்தவர்களை நிலவுடைமையாளர் தரப்பினர் வெளியிலிருந்து அடைத்துத் தீ வைத்தார்கள். அன்றைக்கு அது தஞ்சாவூர் மாவட்டம், நாகை மாவட்டம் 1991இல்தான் உண்டாயிற்று. வெளியுலகுக்குப் போன ஆரம்பச் செய்திகளில் 42 பேர் என்றிருந்தது. கிசான் மோதல் என்றும் இருந்தது. வெகுகாலம் ஆங்கிலக் கட்டுரைகளில் 42 என்றே நடமாடியது. எண்ணில் இருந்த தவறு இரண்டு. சொல்லில் இருந்த தவறுக்கு அளவே இல்லை. கதவடைத்துக் கொளுத்தப்பட்ட பெண்களும் பிள்ளைகளும் யாரோடு மோதினார்கள்?

வெண்மணி நினைவிடத்தில் 44 பெயர்கள் இருக்கின்றன. ஆக 44 என்று முடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன். ஒருமுறை அந்த 44ஐப் பிரித்து எழுத வேண்டிவந்தது. ஓரிடத்தில் ஆண்கள் 5, பெண்கள் 20, குழந்தைகள் 19 என்றிருக்கிறது. இன்னோரிடத்தில் முதியவர்கள் 5, பெண்கள் 16, குழந்தைகள் 23. யாரோ ஒருவர் தப்பாகக் குறித்திருக்கிறார் என்று எரிச்சலோடு இரண்டையும் கூட்டினேன். இரண்டும் 44. ஆண்களைத் தள்ளிவிட்டுக் கூட்டினேன். 20ம் 19ம் 39. 16ம் 23ம் 39.

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அங்கே எண்ணிக்கையில் முரண் இல்லை. இறந்தவர்கள் அதே பேர்தான். ஒருவர் பெண்கள் என்று எழுதிய நாலு பேரை இன்னொருவர் குழந்தைகள் என்று எழுதியிருக்கிறார் என்றே என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. நடவுக்குப் போகத் தொடங்கிவிட்ட, வயசுக்கு வந்தும் வராத நாலு பெண்பிள்ளைகளாக அவர்கள் இருக்கலாம். வயலில் இறங்கிவிட்டால் ஒரு கணக்கில் பெண், வீட்டுக்குள் இருந்தால் இன்னொரு கணக்கில் குழந்தை. எது சரி என்று எந்த ஆவணத்தைப் புரட்டியும் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. சரிபார்க்கிற வேலையில் இத்தனை வருஷம் இருந்து நான் கண்டுபிடித்த ஒரே விஷயம் இதுதான் என்று சொன்னால் மிகையில்லை. இரண்டு எண் மோதும்போது ஒன்றைப் பொய் என்று தள்ளுவதற்குமுன், அந்த இரண்டுக்கும் நடுவே யார் நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களைச் சென்னை உயர்நீதிமன்றம் 1973இல் விடுவித்தது. கார் வைத்திருக்கிற பெரிய மிராசுதார்கள் தாங்களே நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்தார்கள் என்பது நம்பும்படி இல்லை என்பது அந்தத் தீர்ப்பின் போக்கு. நம்பும்படி இருக்கிறதா என்ற கேள்வியை நானும் தினமும் கேட்கிறேன். அனுப்பியவர் தெரிந்தவர், படித்தவர், பொய் சொல்ல மாட்டார் என்று இருபது நிமிடத்தில் ஏற்றிய அந்த ஞாயிற்றுக்கிழமையிலும் அதைத்தான் கேட்டேன். யாரை நம்புவது எளிதாக இருக்கிறது என்பது நம்முடைய நிலையைச் சொல்லும். நடந்ததைச் சொல்லாது. வரப்பில் ஒளிந்து பார்த்தவர்களின் சொல் நம்பும்படி இல்லாமல் போனதற்கு அவர்களிடம் கார் இல்லை என்பதைத் தவிர வேறென்ன காரணம்?

வெண்மணியைப் பற்றி எழுதுகிறவர்களிடம், முக்கியமாக வெளியூரில் உட்கார்ந்து டிசம்பர் 25 அன்று மட்டும் ஒரு பதிவு போடுகிறவர்களிடம், எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. 42ஆ 44ஆ என்று இணையத்தில் தேடி முடிவு கட்டாதீர்கள். நாகை வரும்போது கீழ்வேளூரில் இறங்கி வெண்மணிக்குப் போங்கள். நினைவிடத்தின் முன் நின்று பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்து எண்ணுங்கள். ஊர்க்காரர் யாராவது நிச்சயம் பக்கத்தில் வந்து நிற்பார். நீங்கள் ஒரு பெயரை விட்டுவிட்டால் அவர் சொல்வார்.